கூடத்துக்கு வந்த ஆலமரம்

கேப் டவுன் துறைமுகம்
12 ஜனவரி 1981

பி-ஷியாவுக்கு,

நேற்றுக் காலை கரை சேர்ந்தோம். கப்பலின் வயிற்றிலிருந்து சூரை மீனை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஏஜெண்ட் அலுவலகத்தில் உன் கடிதங்கள் ஒரே கட்டாகக் காத்திருந்தன. தேதி பார்க்காமல் கடைசிக் கடிதத்தை முதலில் பிரித்துவிட்டேன். அதனால் நம் குழந்தை முதலில் தவழ்ந்தாள், அப்புறம் குப்புற விழுந்தாள், கடைசியில்தான் அவளுக்குத் தலை நின்றது. சமையல்காரர் லாய் அண்ணனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் நலம். கையில் உப்புப் புண், முதுகில் வலி, எல்லோருக்கும் உள்ளதுதான்.

இனி என் தொட்டி மரம். மொட்டை மாடியில் இப்போது வடக்குக் காற்று வீசும். தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்கு மாற்றினாயா? தண்ணீர் ஊற்றும் முன் சாப்பிடும் குச்சி ஒன்றை மண்ணில் செருகிப் பார். குச்சி ஈரமாக வந்தால் ஊற்றாதே. போன கோடையில் மூன்றாம் மாடி சுவாங் அண்ணன் இடப்பக்கக் கிளையில் கம்பி சுற்றிக் கொடுத்ததாக எழுதினாயே, அது பட்டைக்குள் இறங்குகிறதா? இறங்கினால் சுற்றைப் பிரிக்காதே, கிளை ஒடிந்துவிடும். துண்டு துண்டாக வெட்டி எடு. பவளக்கல்லைப் பிடித்திருக்கும் வேர்களின் மேல் பாசி இருக்கிறதா, காய்ந்துவிட்டதா? உச்சியில் புதுத் துளிர் எந்தப் பக்கம் போகிறது? வாரம் ஒரு தரம் தொட்டியைத் திருப்பி வைக்கிறாயா? இலையின் அடியில் வெள்ளைப் பூச்சி இருந்தால் சோப்புத் தண்ணீர் தெளி.

என் லியுசியு தீவின் பாறை இடுக்கிலிருந்து அதை நான் பெயர்த்தெடுத்தபோது அதற்கு இரண்டே இலைதான். இன்றைக்கு அதைப் பார்க்கிற எவனும் ஊர் நடுவில் நிற்கிற கிழட்டு ஆல் என்றுதான் நினைப்பான், பக்கத்தில் தீப்பெட்டியை வைத்தால்தான் முழங்கை உயரம் என்று தெரியும். அக்டோபரில் ஒப்பந்தம் முடிந்து நான் வரும்போது அது நான் விட்ட மாதிரியே இருக்க வேண்டும்.

குழந்தை நலம்தானே?

ஜின்-தியான்


காவோசியுங்
9 பிப்ரவரி 1981

யா-லிங்கின் அப்பாவுக்கு,

சந்திரப் புத்தாண்டுக்கு மறுநாள் உங்கள் கடிதம் கிடைத்தது. குழந்தை நலம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நலம். பாசியைப் பற்றி ஒரு கேள்வி, பூச்சியைப் பற்றி ஒரு கேள்வி, துளிர் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு கேள்வி. உங்கள் மகளுக்கு இரண்டே சொல், அப்புறம் ஒரு கேள்விக்குறி.

உங்களுக்கு வருத்தமான செய்தி ஒன்று சொல்ல வேண்டும். உங்களுடைய மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். மூன்றாம் மாடி சுவாங் அண்ணனின் தொட்டிப் பைன் மரங்கள் எல்லாவற்றையும் மொட்டை மாடியிலிருந்து திருடிக்கொண்டு போய்விட்டார்கள். புத்தாண்டுக்கு முதல் நாள், எல்லோரும் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். பூட்டை அறுத்திருக்கிறார்கள். அவசரத்தில் உங்கள் ஆல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்ததைப் பார்க்கவில்லை போல. சுவாங் அண்ணன் காலி அடுக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். அறுபது வயது மனிதர். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அவர்கள் மறுபடி வருவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு உங்கள் மரத்தை நானே வீட்டுக்கு இறக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பவளக்கல் என்ன கனம். ஒவ்வொரு படியிலும் உங்களை ஒரு வார்த்தை திட்டினேன்.

கூடத்தில் வைத்தேன். மறுநாள் தீவிலிருந்து உங்கள் அம்மா வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே மரத்தைப் பார்த்துவிட்டார். "ஆலமரத்தை யாராவது வீட்டுக்குள்ள வைப்பாங்களா? அலையறது எல்லாம் அதுல வந்து தங்கும். பச்சப் புள்ள இருக்கிற வீடு" என்று சொல்லி வாசலிலேயே நின்றுகொண்டார். வெளியே வைத்தால் திருடன், உள்ளே வைத்தால் பேய். நான் என்னதான் செய்வது? கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். கடலைக் காக்கிற மாஸு அம்மனின் கண் படுகிற இடத்தில் இருந்தால் எதுவும் அண்டாது. அதனால் இப்போது உங்கள் மரம் சாமி மேசையை ஒட்டி முக்காலியில் இருக்கிறது, பழத்தட்டுக்கும் ஊதுபத்திக் கிண்ணத்துக்கும் பக்கத்தில். உங்களைவிட அதற்குத்தான் அம்மனோடு நெருக்கம்.

கம்பியை வெட்டி எடுத்தேன். ஒரு இடத்தில் பட்டையும் சேர்ந்து வந்துவிட்டது. பால் வடிந்தது. துடைக்கத் துடைக்க வடிந்தது. குழந்தை பார்த்துவிட்டு வாயைச் சப்பிக்கொண்டாள்.

அவளுக்குச் சளி. அதனால் ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கிறேன். மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். கீழே இரண்டு பல், மேலே ஒன்று. கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டேன்.

இன்று காலையில் மரத்தடியில் சில மஞ்சள் இலைகள் கிடந்தன. இடம் மாற்றியதால் இருக்கும், இல்லையா?

பி-ஷியா


நடுக்கடல்
6 ஏப்ரல் 1981

பி-ஷியாவுக்கு,

எண்ணெய் கொண்டுவந்த கப்பல் உன் கடிதத்தைக் கொண்டுவந்தது. அது திரும்புவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மேல்தளத்தில் தூண்டில் கயிறு ஓடிக்கொண்டிருக்கிறது, அவசர எழுத்து.

மரத்தை இருட்டு மூலையில் கொண்டுபோய் வைக்க அது என்ன பூச்சாடியா? ஆல் வெயிலில் பிறந்தது. சாமி மேசைக்குப் பக்கத்தில் என்ன வெளிச்சம் இருக்கிறது, இரண்டு சிவப்பு பல்பைத் தவிர? யாரைக் கேட்டு இறக்கினாய்? சுவாங் அண்ணனைக் கேட்டிருக்கலாம். இந்த மரம் போனால் இன்னொன்று கிடையாது, அது உனக்குத் தெரியும்.

எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்க்கிறேன், கடுமையாக இருக்கிறது. எழுதியதை அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். நீ தூக்கி வந்திருக்காவிட்டால் அதுவும் திருடனோடு போயிருக்கும். சுவாங் அண்ணனுக்கு என் வருத்தத்தைச் சொல்.

இப்போது இதைச் செய். பகலில் கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் வை. இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று மாற்றாதே, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இலையைக் கொட்டிக் கோபித்துக்கொள்ளும் மரம் அது. தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி அதன் மேல் தொட்டியை வை, காற்றில் ஈரம் நிற்கும். தொட்டியின் அடி தண்ணீரில் முழுகக் கூடாது. இலை குறைந்தால் தண்ணீரையும் குறை. உரம் வேண்டாம். மண் மாற்றாதே. சந்தேகம் வந்தால் சிறு கிளையில் நகத்தால் லேசாகக் கீறு. உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

கேப்டன் என்னை மேல்தளத் தலைவனாக்கலாம் என்று நினைக்கிறார். பழைய ஆளுக்குக் கண் சரியில்லை. இன்னும் முடிவாகவில்லை. எண்ணெய்க் கப்பல்காரன் கூப்பிடுகிறான்.

குழந்தையின் சளி எப்படி இருக்கிறது?

ஜின்-தியான்


காவோசியுங்
28 மே 1981

யா-லிங்கின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் ஒரு வரியாவது உண்மையாக எழுதுங்கள். உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா?

நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் செய்தேன். பகலெல்லாம் ஜன்னலை ஒட்டிய முக்காலியில்தான் இருக்கிறது. அதுவும் சாமி மேசையின் நுனியும் ஒரு கை தூரம்தான், நம் கூடம் எவ்வளவு அகலம் என்று உங்களுக்கே தெரியும். கூழாங்கல் வைத்தேன். குழந்தைக்குச் சளி விட்டு விட்டு வருகிறது, அதனால் ஜன்னல் கண்ணாடியை இன்னும் சாத்தியே வைத்திருக்கிறேன். குச்சியைச் செருகிப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறேன். சுவாங் அண்ணன் வந்து பார்த்தார். வேர் அழுகவில்லை, பூச்சி இல்லை, மண்ணும் சரியாக இருக்கிறது என்றார். பிறகு ஏன் கொட்டுகிறது என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். தினமும் காலையில் தரையில் இலை. மஞ்சள் இலை மட்டுமில்லை, நல்ல பச்சை இலையும் காம்போடு விழுகிறது. தொட்டாலே விழுகிறது. குழந்தை பொறுக்கி வாயில் வைக்கிறாள், அவள் எழுந்திருக்கும் முன் பெருக்க வேண்டியிருக்கிறது. இடப்பக்கக் கிளை மொட்டையாகிவிட்டது.

உங்கள் அம்மா ஒன்று சொன்னார். சொல்லக் கூடாது என்று நினைத்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. வளர்த்தவனுக்கு ஒன்று என்றால் மரத்துக்கு முதலில் தெரிந்துவிடுமாம். உங்கள் பெரியப்பா கடலோடு போனபோது அவர் நட்ட பப்பாளி நின்றபடியே பட்டதாம். பப்பாளி எப்போதுமே நின்றபடிதான் படும் என்று அவரிடம் சொன்னேன். வாயால் சொன்னேன், மனசு கேட்கவில்லை.

போன மாதம் நம் ஊர் சியன்ஜென் துறையைச் சேர்ந்த ஒரு கப்பல் இந்தியப் பெருங்கடலில் காணாமல் போய்விட்டது. உங்கள் கப்பல் இல்லை. ஆனாலும் கம்பெனி அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான், தேநீர்கூடக் கொடுத்தார். "ரேடியோவில பேசினாங்கம்மா. எல்லாரும் சௌக்கியம்னு சொன்னாங்க" என்றார்.

"எல்லாரும்னா யார் யாரு?" என்று கேட்டேன்.

"எல்லாரும்னா எல்லாரும்தாம்மா."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

முன்பெல்லாம் ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும்தான் பழம் வைப்போம். இப்போது தினமும் வைக்கிறேன். வாழைப்பழம் நன்றாகக் கனிந்ததாகப் பார்த்து வாங்குகிறேன், வாசனை வந்தால்தானே அம்மனுக்குப் பிடிக்கும். ஆப்பிள்கூட வாங்கினேன். காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போகும்போது மட்டும் வாங்குகிற ஆப்பிள். வாயைக் கட்டி வாங்குகிறேன். அம்மனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், உங்களுக்குப் பதிலாக அந்த மரத்தை எடுத்துக்கொள் என்று. நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள். இலை அதிகம் விழுகிற அன்று, சரி, அம்மன் கேட்டுவிட்டாள், எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு மனசு நினைக்கிறது. இன்னொரு மனசு, இல்லை, இது உங்களுடைய உயிர்தான் உதிர்கிறது என்கிறது. அன்றைக்குப் பழத்தை இரண்டு மடங்காக்குகிறேன்.

இன்னொன்று. அது அப்பா மரம், தொடாதே என்று நான் சொல்லிச் சொல்லி, உங்கள் மகள் மரத்துக்கு அப்பா என்றே பேர் வைத்துவிட்டாள். அவள் தெளிவாகச் சொல்லும் முதல் வார்த்தை அது. காலையில் எழுந்ததும் தத்தித் தத்தி அதனிடம் போய் "அப்பா, அப்பா" என்று தட்டுகிறாள். உங்கள் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கூப்பிட விடாதடி. உள்ள இருக்கிறது எதுவோ, அது திரும்பிப் பார்க்கும்" என்கிறார். நான் குழந்தையின் வாயைப் பொத்தினேன். என் கையைக் கடித்தாள். எத்தனை பல் என்று இனி நீங்களே எண்ணிக்கொள்ளலாம், தழும்பு இருக்கிறது.

அக்டோபரில் வந்துவிடுவீர்கள்தானே? மேல்தளத் தலைவன் என்று ஏதோ எழுதியிருந்தீர்கள். அதற்கு என்ன அர்த்தம்?

பி-ஷியா


கேப் டவுன் துறைமுகம்
15 ஜூலை 1981

பி-ஷியாவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. இதோ, முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். காய்ச்சல் இல்லை, விரல்கள் எல்லாம் இருக்கின்றன, சோறு இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்து நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

மரம் ஏன் இலையைக் கொட்டுகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். கேள், நீ சிரிப்பாய்.

இங்கே ஆப்பிள் மலிவு. போன தடவை கரையில் ஒரு பெட்டி வாங்கி, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று லாய் அண்ணனின் காய்கறி அறையில் முட்டைக்கோஸ் மேலேயே வைத்துவிட்டுக் கடலுக்குப் போனோம். பாதி வழியில் அவர் என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். முட்டைக்கோஸ் எல்லாம் மஞ்சளாகி, ஒவ்வொரு இலையும் காம்போடு கழன்று தரையில் கிடந்தது. யாரோ வேண்டுமென்றே பிய்த்துப் போட்ட மாதிரி. "பழுக்கிற பழம் ஒரு மாதிரி மூச்சு விடும்டா. அடைச்ச ரூம்ல பச்சைக்கு அது ஆகாது. இதுகூடத் தெரியாம நீயெல்லாம் மரம் வளர்த்தியா?" என்று கேட்டார். அப்புறம் இரண்டு வாரம் கப்பல் முழுக்க ஊறுகாயும் சோறும்தான். எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

நேற்று உன் கடிதத்தைப் படிக்கிறேன். கனிந்த வாழைப்பழம். ஆப்பிள். சாத்திய ஜன்னல். நல்ல பச்சை இலை காம்போடு விழுகிறது. எழுந்து நின்றுவிட்டேன். சாமி மேசையில் நீ வைக்கிற பழம்தான், பி-ஷியா. மரம் பேயாலும் கொட்டவில்லை, என்னாலும் கொட்டவில்லை. நீ கவலைப்பட்டுப் பழம் வைத்தாய், பழத்தால் இலை விழுந்தது, இலை விழுந்ததைப் பார்த்து இன்னும் பழம் வைத்தாய்.

உடனே பழத்தட்டைச் சமையலறைக்கு மாற்று. அம்மன் பூவோடும் பிஸ்கட்டோடும் சமாளித்துக்கொள்வாள், கப்பல்களில் அவளுக்கு அதுதான் வைக்கிறோம். ஜன்னலைத் திற. மூன்று வாரத்தில் கிளைக் கணுக்களில் ஊசிமுனை மாதிரி துளிர் வரும். வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டு.

இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. மரம் பிழைத்துவிடும். நீயும் பயத்தை விட்டுவிடலாம்.

அதனால் இன்னொன்றையும் தைரியமாக எழுதுகிறேன். மேல்தளத் தலைவன் வேலைக்குக் கேப்டனிடம் சரி என்று சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு தவணை, இரண்டு வருடம். செப்டம்பரில் கரைக்கு வரும்போது ஏஜெண்ட் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தலைவன் ஆனால் கயிறு இழுக்க வேண்டாம், முதுகுக்கும் நல்லது. இரண்டு வருடம் என்பது என்ன, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடிவிடும். குழந்தையும் வளர்ந்திருப்பாள், சொன்னால் புரியும் வயது. இப்போது வந்தால் அவளுக்கு என்னை யார் என்று தெரியவா போகிறது? பயப்பட ஒன்றும் இல்லை என்று இப்போது நமக்குத் தெரிந்துவிட்டது.

துளிர் வந்ததும் எழுது. எந்தப் பக்கம் முதலில் வருகிறது என்றும் எழுது.

ஜின்-தியான்


காவோசியுங்
11 ஆகஸ்ட் 1981

ஹோங் ஜின்-தியான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இரண்டு தாள். முதல் தாளைப் படித்ததும் பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். சிரிக்கத்தான் செய்தேன், நீங்கள் சொன்ன மாதிரி. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். உங்களுக்கு ஒன்றும் இல்லை. இத்தனை மாதம் நான் கும்பிட்டுக் கும்பிட்டு மரத்தைக் கொன்றுகொண்டிருந்தேன். உங்களுக்கு ஒன்றும் இல்லை. சுவாங் அண்ணனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவரும் பைன் திருடு போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

அவர் போன பிறகு இரண்டாவது தாளைப் படித்தேன்.

படித்து முடித்துவிட்டு எழுந்து, சமையலறையிலிருந்து பழத்தட்டைத் திரும்பக் கொண்டுவந்தேன். முன்னால் வைத்த இடத்தில் இல்லை. முக்காலியிலேயே, மரத்தடியில், அந்தப் பவளக்கல்லின் மேல் சாய்த்து வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். மறுநாள் சந்தைக்குப் போய் இருப்பதிலேயே கனிந்த வாழைச் சீப்பாக ஒன்று வாங்கினேன். கடைக்காரி "இது நாளைக்குத் தாங்காதும்மா" என்றாள். தாங்க வேண்டாம் என்றேன்.

நான் பைத்தியம் இல்லை. அந்த மரத்தை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதே அதைப் பற்றித்தான் பேசினீர்கள், எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. இதை இவ்வளவு பொறுமையாக வளர்க்கிறவன் வீட்டில் இருப்பவர்களை எப்படி வைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். இரண்டு மாடிப் படிகள் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தவள் நான். இப்போது விழுகிற ஒவ்வொரு இலையையும் பொறுக்கிக் கையில் வைத்துப் பார்க்கிறேன். ஆனால் பழத்தை நான் எடுக்கப் போவதில்லை. உச்சியில் கொஞ்சம் இலை மிச்சம் இருக்கிறது. கீறிப் பார்த்தேன், பட்டைக்கு அடியில் இன்னும் பச்சை.

சொன்னால் புரியும் வயதில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொல்லப் போகிறீர்கள் அவளிடம்? போன வாரம் அவளுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. கண் மேலே சொருகிக்கொண்டது. மழையில் தூக்கிக்கொண்டு ஓடினேன், ஒரு காலில் செருப்பு இல்லை. இப்போது சரியாகிவிட்டது. டாக்டர், சின்னக் குழந்தைகளுக்குச் சிலசமயம் இப்படி வரும், பயப்பட வேண்டாம் என்றார். எல்லோரும் என்னைப் பயப்பட வேண்டாம் என்கிறார்கள். அந்தத் தெருவில் ஓடும்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவளுக்கு ஏதாவது ஆனால் அவருக்கு என்ன எழுதுவேன், அவர் இவள் முகத்தையே பார்த்ததில்லையே, ஒரு மரத்துக்கு அழுகிற மாதிரிகூட அவரால் அழ முடியாதே என்று நினைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

காய்ச்சலில் அவள் அப்பா அப்பா என்று அனத்தினாள். நீங்கள் சந்தோஷப்பட வேண்டாம். அவள் கூப்பிட்டது மரத்தை.

பழம் எங்கே இருக்க வேண்டும் என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது. வந்து நீங்களே எடுத்து வையுங்கள். வரவில்லை என்றால் இனி மரத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

பி-ஷியா


கேப் டவுன் துறைமுகம்
19 செப்டம்பர் 1981

பி-ஷியாவுக்கு,

கையெழுத்துப் போடவில்லை.

ஏஜெண்ட் தாளை நீட்டினார், பேனாவின் மூடியைக்கூடத் திறந்து கொடுத்தார். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. முதலில் உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, அதை மறைக்கவில்லை. மேல்தளத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். இவள் எப்படி வைப்பாள், தெரிந்தே எப்படி வைப்பாள் என்று. லாய் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். அவரிடம் மரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். சொல்லிக்கொண்டே வந்தவன், செருப்பில்லாமல் நீ ஓடிய இடம் வந்ததும் என் காலில் இருந்த ரப்பர் பூட்ஸையே பார்த்து நின்றுவிட்டேன்.  அவர் சட்டியில் மிச்சம் இருந்த சூப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கேப்டன் என்னோடு இப்போது பேசுவதில்லை. பரவாயில்லை. ஒப்பந்தம் முடிகிற மற்றவர்களோடு அக்டோபர் முதல் வாரம் விமானம். ஹாங்காங் வழியாக வருகிறோம்.

மரத்தைப் பற்றி அவ்வளவு கேட்டேன், அவளைப் பற்றி ஒரு வரி. நீ புத்தாண்டுக் கடிதத்திலேயே சொன்னாய். அது ஏன் என்று இத்தனை நாள் நானே யோசிக்கவில்லை. மரத்தை எனக்குத் தெரியும். எந்தக் கிளை சோம்பேறி, எந்த வேர் பிடிவாதம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதனால் கேட்க வந்தது. அவளைப் பற்றி என்ன கேட்பது? எதைச் சாப்பிடுகிறாள் என்று கேட்டால், அவளுக்குச் சோறு ஊட்டத் தொடங்கிவிட்டாயா என்பதுகூட எனக்குத் தெரியாது என்று உனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயத்தில் நலமா நலமா என்று கேட்டு முடித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு வருடம் என்று சொன்னதிலும் பாதி அந்தப் பயம்தான். முதுகு வலி எல்லாம் சாக்கு.

பழத்தட்டை எடுத்தாயோ எடுக்கவில்லையோ, கேட்கமாட்டேன். இலை இருந்தால் இருக்கட்டும், மொட்டைக் கிளையாக நின்றாலும் நிற்கட்டும்.

ஒன்றுதான் கேட்கிறேன். லாய் அண்ணன் போன தவணை முடிந்து வீட்டுக்குப் போனபோது அவர் பையன் அவரைப் பார்த்து அலறினானாம். மாதக்கணக்கில் பக்கத்திலேயே வரவில்லையாம். யா-லிங்கும் அழுவாள். கறுத்துப்போய், மீன் நாற்றத்தோடு, முன்பின் தெரியாத ஒருவன் வாசலில் வந்து நிற்கப் போகிறான். அவள் அழுதால் அடக்காதே. அவளை இழுத்து என் கையில் கொடுக்காதே, "அப்பா பாரு, அப்பாகிட்ட போ" என்று சொல்லாதே. அவள் அந்த மரத்தையே அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கட்டும். நான் அதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஜின்-தியான்